தங்கும் விடுதிகளின் வெகுமதிப் புள்ளித் திட்டங்கள்: வணிகக் கட்டமைப்பும் உரிமைச் சிக்கலும் (மாரியட் பான்வாய் திட்டத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு விடுதி நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கு வழங்கும் வெகுமதிப் புள்ளிகள் பொதுவாக விளம்பர உத்தியாகவே கருதப்படுகின்றன. இப்புள்ளிகள் நிறுவனங்கள் தாமே வெளியிட்டு, தாமே விலை குறித்து, வங்கிகளுக்கு விற்கும் ஒரு தனியார் செலாவணியாக இன்று இயங்குவதை இக்கட்டுரை விளக்குகிறது. விடுதிக் கட்டடத்தின் உரிமையும் வணிகப் பெயரின் உரிமையும் பிரிந்துள்ள தொழிலமைப்பு, புள்ளிக்கான நிதி திரட்டப்படும் முறை, கணக்கியலில் அது பெறும் இடம், கடன் அட்டை நிறுவனங்களுடனான உறவு ஆகியன மாரியட் பான்வாய் திட்டத்தின் வழியே ஆராயப்படுகின்றன. கணக்கேட்டில் நிறுவனத்தின் பொறுப்பாக இடம்பெறும் புள்ளி, உறுப்பினர் ஒப்பந்தத்தில் எவ்வுரிமையும் தராத சலுகையாக வரையறுக்கப்படும் முரண்பாட்டைக் கட்டுரை இறுதியில் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: வெகுமதிப் புள்ளி, தங்கும் விடுதி, பெயருரிம ஒப்பந்தம், ஒத்திவைக்கப்பட்ட வருவாய், இணைப்பெயர்க் கடன் அட்டை, பரிமாற்றக் கட்டணம்.

முன்னுரை

விடுதியில் தங்குபவர் அறை வாடகை செலுத்துகிறார். அவ்வாடகைக்கு ஏற்பச் சில புள்ளிகள் அவர் கணக்கில் சேர்கின்றன. போதிய புள்ளிகள் சேர்ந்ததும் ஓர் இரவு கட்டணமின்றித் தங்குகிறார். வாடிக்கையாளர் பார்வையில் திட்டம் இவ்வளவே. அந்த இலவச இரவுக்கான செலவை யார் ஏற்கிறார், எப்போது ஏற்கிறார், அதனால் யார் பயனடைகிறார் என்னும் வினாக்களை எழுப்பினால், எளிய பரிசாகத் தோன்றிய ஒன்று பல தரப்பினரைப் பிணைக்கும் நிதி ஏற்பாடாக விரிகிறது.

இத்திட்டங்களின் அளவும் சிறிதன்று. மாரியட் பான்வாய் உறுப்பினர் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டில் 20 கோடியைக் கடந்தது. 2023ஆம் ஆண்டு இறுதியில் அந்நிறுவனம் தன் உறுப்பினர்களின் புள்ளிகளுக்காகக் காட்டிய பொறுப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர். அதே ஆண்டில் அது ஈட்டிய கட்டண வருவாய் முழுவதும் ஏறத்தாழ 480 கோடி டாலரே. ஒரு நிறுவனத்தின் ஓராண்டுக் கட்டண வருவாயை விஞ்சும் ஒன்றை விளம்பரச் செலவு என்னும் தலைப்பில் அடக்கிவிட இயலாது.

திட்டங்களின் தோற்றம்

வாங்குபவர்க்கு அடையாளச் சீட்டு வழங்கி, பின்னர்ப் பொருளாக மாற்றித் தரும் வழக்கம் பழையது. 1896ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் நிறுவனம், பச்சை நிறச் சீட்டுகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர்கள் அவற்றை வாடிக்கையாளர்க்கு வழங்கினர். வாடிக்கையாளர்கள் ஏடுகளில் ஒட்டிச் சேர்த்து வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். பொருளைத் தரும் கடமையுள்ள நிறுவனம் ஒன்று, சீட்டுக்குப் பணம் செலுத்தும் கடை மற்றொன்று, சீட்டைச் சேர்ப்பவர் மூன்றாமவர் என்னும் முத்தரப்பு அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது. இன்றைய விடுதித் திட்டங்களின் எலும்புக்கூடு இதுவே.

விமானத் துறையில் கட்டண, வழித்தடக் கட்டுப்பாடுகள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டதும் போட்டி மிகுந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அட்வாண்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. விடுதித் துறை உடனே அதனைப் பின்பற்றியது. ஹாலிடே இன், மாரியட் ஆகிய இரண்டும் 1983ஆம் ஆண்டிலும், ஹில்டன் 1987ஆம் ஆண்டிலும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. 1999ஆம் ஆண்டு ஸ்டார்வுட் நிறுவனம் தொடங்கிய திட்டம், விழாக்காலம் போன்ற நாள்களில் புள்ளிகளைப் பயன்படுத்தத் தடையில்லை என அறிவித்துப் போட்டியின் தரத்தை உயர்த்தியது.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மாரியட் நிறுவனம் ஸ்டார்வுட்டை ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அந்த இணைப்பின் முதன்மை ஈர்ப்புகளுள் ஒன்றாக ஸ்டார்வுட்டின் உறுப்பினர் திட்டமும் கருதப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் திட்டங்கள் ஒருங்கிணைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அவை மாரியட் பான்வாய் என்னும் ஒரே பெயரைப் பெற்றன.

கட்டடமும் பெயரும் பிரிந்த தொழில்

புள்ளித் திட்டத்தின் பொருளியலை விளங்கிக்கொள்ள, விடுதித் தொழிலின் உரிமை அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். 1993ஆம் ஆண்டு மாரியட் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கட்டடங்களும் அவற்றைச் சார்ந்த கடன்களும் பெரும்பாலும் ஹோஸ்ட் மாரியட் நிறுவனத்தைச் சேர்ந்தன. வணிகப் பெயர்களும் மேலாண்மை ஒப்பந்தங்களும் மாரியட் இன்டர்நேஷனல் நிறுவனத்திடம் தங்கின. 2023ஆம் ஆண்டு இறுதியில் இந்நிறுவனத்தின் பெயர்களில் இயங்கிய விடுதிகள் ஏறத்தாழ 8,800. அவற்றுள் நிறுவனமே உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ இருந்தவை 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஏனையவை பிறருக்குச் சொந்தமானவை. சிலவற்றை உரிமையாளர் சார்பில் மாரியட் மேலாண்மை செய்கிறது. மிகப் பலவற்றில் பிரான்சைஸ் எனப்படும் பெயருரிம ஒப்பந்தத்தின்படி பெயர், முன்பதிவு அமைப்பு, தர விதிகள் ஆகியன மட்டுமே மாரியட்டினுடையவை. கட்டடம், ஊழியர், கடன், இடர் ஆகியன உரிமையாளருடையவை.

இங்கே ஒரு வினா எழுகிறது. தனக்கென வங்கிக் கடன், கட்டடம், ஊழியர் அனைத்தும் உடைய ஓர் உரிமையாளர், தன் வருவாயில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு பெயருக்காக ஏன் செலுத்துகிறார்? விருந்தினரை அழைத்து வரும் ஆற்றல் அப்பெயரிடம் உள்ளது என்பதே விடை. அவ்வாற்றலின் மிகப் பெரிய பகுதி உறுப்பினர் திட்டத்தில் குவிந்துள்ளது. இணையவழிப் பயண முகவர் நிறுவனங்கள் ஒரு முன்பதிவுக்கு வாடகையில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ தரகு பெறுவதுண்டு. விருந்தினர் விடுதியின் சொந்தத் தளத்தில் முன்பதிவு செய்தால் அத்தரகு மிஞ்சுகிறது. எனவேதான் பயண முகவர் தளங்கள் வழி முன்பதிவு செய்பவர்க்குப் பொதுவாகப் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. மாரியட் 2015ஆம் ஆண்டிலும், ஹில்டன் 2016ஆம் ஆண்டிலும் நேரடி முன்பதிவை வற்புறுத்தும் பெரும் விளம்பர முயற்சிகளை மேற்கொண்டன. உறுப்பினர்க்கு மட்டுமான குறைந்த வாடகையும் இப்போட்டியின் விளைவே. இந்நோக்கில் புள்ளி, தரகனைத் தவிர்ப்பதற்கு விடுதி தரும் விலை ஆகும்.

வாடகையைச் செலுத்துபவரும் புள்ளியைப் பெறுபவரும் வேறுவேறாக இருப்பதும் இத்திட்டங்களுக்குத் துணைசெய்கிறது. அலுவல் பயணத்தில் வாடகையை நிறுவனம் ஏற்கிறது. புள்ளிகளோ பயணம் செய்த ஊழியரின் சொந்தக் கணக்கில் சேர்கின்றன. அடுத்த தெருவில் சற்றுக் குறைந்த வாடகையில் அறை கிடைத்தாலும், ஊழியர் தன் புள்ளி சேரும் விடுதியையே நாடுவார். செலவு ஒருவருக்கும் வெகுமதி மற்றொருவருக்கும் என்னும் இப்பிரிவு, விலைப் போட்டியின் கூர்மையை மழுக்குகிறது.

ஒரு புள்ளியின் வரவும் செலவும்

மாரியட் பான்வாய் திட்டத்தின் பெரும்பாலான விடுதிப் பெயர்களில், தகுதியுள்ள ஒரு டாலர் செலவுக்கு 10 புள்ளிகள் அடிப்படையாக வழங்கப்படுகின்றன. நீண்ட நாள் தங்குவதற்கான சில விடுதிகளில் இது 5 புள்ளிகள். உயர்நிலை உறுப்பினர்க்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு.

புள்ளிக்கான செலவை, உறுப்பினர் தங்கிய விடுதியின் உரிமையாளர் அப்போதே செலுத்திவிடுகிறார். உறுப்பினர் செய்த செலவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு, திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குச் செல்கிறது. பிற்காலத்தில் உறுப்பினர் வேறு விடுதியில் புள்ளிகளைப் பயன்படுத்தும்போது, அவ்விடுதிக்குத் திட்ட நிதியிலிருந்து ஈடு வழங்கப்படுகிறது. எனவே, இலவச இரவு என்பது பல விடுதி உரிமையாளர்கள் முன்கூட்டியே செலுத்திய தொகையிலிருந்து வாங்கப்படும் இரவாகும்.

இதனைக் கற்பனைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஓர் உறுப்பினர் இரவுக்கு 200 டாலர் வாடகையில் 15 இரவுகள் தங்குகிறார் எனக் கொள்வோம். மொத்தச் செலவு 3,000 டாலர். சேரும் புள்ளிகள் 30,000. விடுதி உரிமையாளர்கள் திட்டத்துக்குச் செலுத்தும் பங்கு 4.5 விழுக்காடு எனில், திட்ட நிதியில் சேர்வது 135 டாலர். உறுப்பினர் அப்புள்ளிகளைக் கொண்டு 240 டாலர் வாடகையுள்ள ஓர் அறையைப் பெறுகிறார். அவரளவில் ஒரு புள்ளியின் மதிப்பு 0.8 சென்ட், செலவிட்ட தொகையில் 8 விழுக்காடு திரும்பக் கிடைத்துள்ளது.

135 டாலர் வரவில் 240 டாலர் அறை எவ்வாறு இயலும்? அறையின் விலையும் அறையை வழங்குவதற்கான செலவும் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. விடுதி அறை சேமித்து வைக்க இயலாத பண்டம். இன்றிரவு காலியாக இருந்தால் அவ்வருவாய் என்றென்றைக்கும் இல்லை. காலி அறையில் ஒருவரைத் தங்கவைப்பதால் கூடும் செலவு, துப்புரவு, சலவை, மின்சாரம், காலை உணவு ஆகியவை மட்டுமே. ஆகவே விடுதி நிரம்பாத நாளில் திட்டம் உரிமையாளர்க்குச் சிறு தொகையே ஈடாக வழங்குகிறது. அது 60 டாலர் எனில் நிதியில் 75 டாலர் எஞ்சும். விடுதி ஏறத்தாழ முழுமையாக நிரம்பிய நாளில் நிலைமை மாறுகிறது. அன்று புள்ளி கொண்டு தங்குபவர், பணம் செலுத்தும் ஒருவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். எனவே ஒப்பந்தம் வகுத்த நிரம்பல் வரம்பைக் கடந்தால், ஈட்டுத் தொகை அன்றைய சராசரி வாடகையை நெருங்குகிறது. அது 220 டாலர் எனில் நிதிக்கு 85 டாலர் பற்றாக்குறை. காலி அறைகளில் மிஞ்சுவதும் நிரம்பிய நாள்களில் குறைவதும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு திட்டத்தை நடத்துவதே நிருவாகத்தின் கலை.

உரிமையாளர்க்கும் பெயர் நிறுவனத்துக்கும் இடையிலான பூசலும் இங்குதான் பிறக்கிறது. திட்டத்தைத் தாராளமாக்கினால் உறுப்பினர் பெருகுவர். அதன் பெருமை பெயர் நிறுவனத்துக்கு. அத்தாராளத்தின் செலவைப் பெரும்பாலும் ஏற்பவர் உரிமையாளர். குறிப்பாக, சுற்றுலா விடுதிகளின் உரிமையாளர்கள், நகர அலுவல் விடுதிகளில் சேர்ந்த புள்ளிகளைத் தம் கடற்கரை அறைகளில் ஏற்கும் நிலையில் உள்ளனர். அவர்க்கு ஈட்டு விகிதமே வாழ்வாதார வினா.

கணக்கேட்டில் புள்ளி

வழங்கப்பட்டு இன்னும் பயன்படுத்தப்படாத புள்ளி, கணக்கியலில் ஒரு பொறுப்பு. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 15, 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதனோடு பெரிதும் ஒத்துச்செல்லும் இந்தியக் கணக்கியல் தரம் 115, அதே ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. விற்பனையோடு வழங்கப்படும் புள்ளி, வாடிக்கையாளர்க்கு ஒரு பொருட்படுத்தத்தக்க உரிமையைத் தருமானால், அதனைத் தனி விற்பனைக் கடமையாகக் கொள்ளவேண்டும் என்று இத்தரங்கள் பணிக்கின்றன. பெற்ற தொகையில் புள்ளிக்குரிய பங்கு ஒத்திவைக்கப்பட்ட வருவாயாக நிற்கும். புள்ளி பயன்படுத்தப்படும்போதே வருவாயாக மாறும்.

தன் சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்தும் ஒரு விடுதி 200 டாலர் வாடகை பெற்று, 14 டாலர் மதிப்புள்ள புள்ளிகளை வழங்குகிறது எனக் கொள்வோம். பத்தில் ஒன்பது புள்ளிகளே பயன்படுத்தப்படும் என மதிப்பிட்டால், புள்ளிகளின் தனி விற்பனை விலை 12.60 டாலர். 200 டாலர் வாடகையை 200 : 12.60 என்னும் விகிதத்தில் பகிர்ந்தால், ஏறத்தாழ 11.85 டாலர் ஒத்திவைக்கப்படும், எஞ்சிய 188.15 டாலரே அன்றைய வருவாய்.

இக்கணக்கில் முடிவை மாற்றவல்ல கூறு, பயன்படாமல் கழியும் புள்ளிகளைப் பற்றிய மதிப்பீடு. மறக்கப்பட்ட கணக்குகள், சிறு இருப்புகள், காலாவதி ஆகியவற்றால் ஒரு பகுதி புள்ளிகள் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. மாரியட் திட்டத்தில் 24 மாதங்கள் எவ்வித நடவடிக்கையும் இல்லையெனில் புள்ளிகள் இழக்கப்படும். பத்தில் ஒன்றன்று, பத்தில் இரண்டு பயன்படாமல் போகும் என மதிப்பீட்டை மாற்றினால், அறை ஒன்றுகூடக் கூடுதலாக விற்காமலேயே அறிக்கையில் வருவாய் உயரும். எனவே இம்மதிப்பீடு தணிக்கையாளரின் தனிக் கவனத்துக்கு உரியதாகிறது. உறுப்பினரின் மறதி, நிறுவனத்தின் வருவாய் மதிப்பீட்டில் ஒரு மாறியாக இடம்பெறுகிறது என்பது எண்ணத்தக்கது.

வங்கிக்கு விற்கப்படும் புள்ளி

புள்ளித் திட்டத்தை விளம்பரத்திலிருந்து தனித் தொழிலாக உயர்த்தியது கடன் அட்டை. அமெரிக்காவில் ஜே.பி. மார்கன் சேஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டும் மாரியட் பெயரில் அட்டைகளை வழங்குகின்றன. அட்டைதாரர் மளிகைக் கடையில் செலவிட்டாலும் விடுதிப் புள்ளிகள் சேர்கின்றன. அப்புள்ளிகளை வங்கி விடுதி நிறுவனத்திடமிருந்து பணம் கொடுத்து வாங்குகிறது. பெயரைப் பயன்படுத்துவதற்கும் கட்டணம் செலுத்துகிறது.

உறுப்பினர் தங்குவதால் திரளும் நிதி பெரும்பாலும் திட்டச் செலவுக்கே செல்கிறது. அட்டை நிறுவனம் பெயருக்காகச் செலுத்தும் கட்டணமோ விடுதி நிறுவனத்தின் சொந்த வருவாயாகப் பதியப்படுகிறது. மாரியட் நிறுவனத்துக்கு இவ்வகையில் 2019ஆம் ஆண்டு கிடைத்தது 40 கோடி டாலர் அளவினது. இதற்குப் புதுக் கட்டடமோ புது ஊழியரோ தேவையில்லை.

பெருந்தொற்றுக் காலம் இவ்வுறவின் இயல்பை வெளிப்படுத்தியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தபோது, ஹில்டன் நிறுவனம் தன் புள்ளிகளை முன்கூட்டியே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு 100 கோடி டாலருக்கு விற்றது. அடுத்த மாதம் மாரியட் தன் இரு அட்டைக் கூட்டாளிகளுடனான ஒப்பந்தங்களைத் திருத்தி 92 கோடி டாலர் ரொக்கம் பெற்றது. அதன் ஒரு பகுதி புள்ளிகளுக்கான முன்பணம். அதே ஆண்டில் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தையே ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் திரட்டியது. அறைகளில் தங்க ஆளில்லாத நேரத்தில், எதிர்கால அறைகளுக்கான வாக்குறுதிக்கு வங்கிகள் பணம் தந்தன. புள்ளியை வெளியிடும் உரிமை, தேவைப்படும்போது பணம் திரட்டும் உரிமையும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வங்கிக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது? அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றிலும் கடைக்காரர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். அதன் பெரும்பகுதி பரிமாற்றக் கட்டணமாக அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. நிலுவைத் தொகைக்கான வட்டியும் ஆண்டுச் சந்தாவும் பிற ஊற்றுகள். ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு விதியால், நுகர்வோர் கடன் அட்டைக்கான பரிமாற்றக் கட்டணத்தை 0.3 விழுக்காட்டுக்குள்ளும் பற்று அட்டைக்கானதை 0.2 விழுக்காட்டுக்குள்ளும் வரையறுத்தது. அமெரிக்காவில் கடன் அட்டைக்கு அத்தகைய வரம்பு இல்லை. தாராளமான புள்ளி அட்டைகள் அமெரிக்காவில் செழித்திருப்பதற்கும் ஐரோப்பாவில் மெலிந்திருப்பதற்கும் இவ்வேறுபாடே முதன்மைக் காரணம்.

இந்தியாவிலும் இவ்வமைப்பு காலூன்றியுள்ளது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாரியட் பான்வாய் பெயரில் கடன் அட்டையை அறிமுகப்படுத்தியது. யு.பி.ஐ., ரூபே பற்று அட்டை ஆகியவற்றுக்கான வணிகர் கட்டணம் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நீக்கப்பட்டுள்ளமையால், வெகுமதிக்கு நிதியளிக்கத்தக்க பரிமாற்றக் கட்டணம் இங்குக் கடன் அட்டையைச் சார்ந்தே கிடைக்கிறது. இந்தியச் சூழலை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

ஈர்ப்பும் சுமையும்

இலக்கு நெருங்க நெருங்க முயற்சி விரைவுபெறும் என்பது உளவியலார் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஜோசப் நூனெஸ், சேவியர் த்ரேஸ் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை நுட்பமாகக் காட்டுகிறது. மகிழுந்து கழுவும் நிலையம் ஒன்றில் ஒரு சாராருக்கு எட்டு முத்திரைகள் தேவைப்படும் அட்டை வழங்கப்பட்டது. மற்றொரு சாராருக்குப் பத்து முத்திரைகள் தேவைப்படும் அட்டை, இரண்டு முத்திரைகள் முன்னரே இடப்பட்ட நிலையில், வழங்கப்பட்டது. இருவர்க்கும் எஞ்சிய பணி எட்டு முறை வருகையே. ஆயினும் முதற்சாராரில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் சாராரில் 34 விழுக்காட்டினரும் அட்டையை நிறைவு செய்தனர். ஏற்கெனவே தொடங்கிவிட்டோம் என்னும் எண்ணமே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். விடுதித் திட்டங்களின் வரவேற்புப் புள்ளிகளும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என அமைந்த படிநிலைகளும் இவ்வுளவியலைச் சார்ந்தே இயங்குகின்றன.

இவ்வெகுமதியின் சுமை எவர்மீது விழுகிறது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. கடைக்காரர் தம் அட்டைக் கட்டணத்தை அனைவர்க்குமான பொது விலையில் சேர்க்கின்றார். ரொக்கம் கொடுப்பவரும் அவ்விலையையே செலுத்துகின்றார். வெகுமதியோ அட்டைதாரர்க்கு மட்டும். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்களான ஸ்காட் ஷூ, ஓஸ் ஷை, ஜோஆனா ஸ்டாவின்ஸ் ஆகியோர் 2010ஆம் ஆண்டு இதனை மதிப்பிட்டனர். அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலர் அளவுக்கு அட்டை பயன்படுத்துவோர்க்கு ஈகிறது. அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. அட்டை உடையோரில் வருவாய் மிக்கோரே மிகுதி என்பதால், இது கீழிருந்து மேல்நோக்கிய மறுபங்கீடு ஆகிறது. இலவச இரவின் செலவில் ஒரு சிறு கூறு, அவ்விடுதியின் வாயிலைக்கூட மிதிக்காதவரிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.

சொத்தா, சலுகையா?

இத்தனை தரப்பினரும் விலை கொடுத்து வாங்கும் புள்ளியின்மீது, அதனைச் சேர்த்தவர்க்கு என்ன உரிமை உள்ளது? மாரியட் பான்வாய் விதிமுறைகள், சேர்ந்த புள்ளிகள் உறுப்பினரின் சொத்து ஆகா என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. திட்டத்தின் விதிகளையும் பயன்களையும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கே உண்டு.

அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு விடுதிக்கும் இத்தனை புள்ளிகள் என வகுத்த பட்டியல் முன்னர் இருந்தது. உறுப்பினர் ஓர் இலக்கை வைத்துச் சேமிக்க அது உதவியது. ஹில்டன் 2017ஆம் ஆண்டிலும், மாரியட் 2022ஆம் ஆண்டு மார்ச்சிலும் அத்தகைய பட்டியலைக் கைவிட்டன. இன்று தேவைப்படும் புள்ளிகள், அறை வாடகையைப் போலவே நாளுக்கு நாள் மாறுகின்றன. ஹயாத் நிறுவனம் இவ்விரண்டுக்குப் பின்னரும் வகைப்பட்டியலைத் தொடர்ந்தது என்பதால், இம்மாற்றம் தவிர்க்க இயலாததன்று என்பதும் புலனாகும். ஓர் அறைக்கு 30,000 புள்ளிகள் என்றிருந்தது 40,000 ஆக உயர்ந்தால், சேமித்தவரின் இருப்பு கால் பங்கு மதிப்பை இழக்கிறது. நாணய மதிப்பைக் குறைக்கும் அரசு, நாடாளுமன்றத்துக்கும் சந்தைக்கும் விடை சொல்ல வேண்டும். புள்ளியின் மதிப்பைக் குறைக்கும் நிறுவனத்துக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. உறுப்பினர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிடுவார் என்னும் அச்சமே அதற்கு எல்லை. ஆனால் சேர்த்த புள்ளிகளே அவரை வெளியேற விடாமல் பிணைக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு நோக்கையும் அண்மைக் காலம் தந்துள்ளது. ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளத்தில் நிகழ்ந்த ஊடுருவல் 2018ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டது. அது உள்ளிட்ட தரவுக் கசிவுகளின் தொடர்ச்சியாக, 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் மாரியட் உடன்பாடு கண்டது, மாநிலங்களுக்கு 5.2 கோடி டாலர் செலுத்தவும் இசைந்தது. உறுப்பினர் கோரினால் அவர் கணக்கை ஆய்ந்து, திருடப்பட்ட புள்ளிகளை மீட்டளிக்க வேண்டும் என்பது ஆணையத்துடனான உடன்பாட்டின் ஒரு கூறு. திருடன் எடுத்தால் மீட்டளிக்கத்தக்க உடைமை; நிறுவனம் மதிப்பைக் குறைத்தால் உரிமையற்ற சலுகை என்னும் இருநிலையில் புள்ளி நிற்கிறது.

விமான நிறுவனங்களின் வெகுமதித் திட்டங்களில் மதிப்புக் குறைப்பு, மறைகட்டணம், மாறும் விலை ஆகியவற்றை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆராயத் தொடங்கியது. இவ்வினாக்கள் விடுதித் திட்டங்களுக்கும் முழுமையாகப் பொருந்துவனவே.

முடிவுரை

விடுதி உரிமையாளர்க்குப் புள்ளி ஒரு செலவு. வங்கிக்கு அது வாங்கி வழங்கும் சரக்கு. கணக்காளர்க்கு அது நிறைவேற்றப்படாத பொறுப்பு. பெயர் நிறுவனத்துக்கு அது வருவாயும் நெருக்கடிக்கால நிதியும் ஆகும். இந்நான்கு தரப்பும் தம் நலனை ஒப்பந்தத்தாலோ கணக்கியல் தரத்தாலோ காத்துக்கொள்கின்றன. புள்ளியைச் சேர்த்துவைக்கும் உறுப்பினர் ஒருவரே அத்தகைய காப்பின்றி நிற்கிறார்.

அறை அழியும் பண்டம் என்பதாலும், காலி அறையின் செலவு அதன் விலையினும் மிகக் குறைவு என்பதாலும் இத்திட்டங்கள் பொருளியல் நோக்கில் அறிவார்ந்தவையே. குறை திட்டத்தின் கருத்தில் இல்லை. வெளியிடுபவரே மதிப்பையும் தீர்மானிக்கும் ஒருதலை அதிகாரத்தில் உள்ளது. நிறுவனம் தன் ஏட்டில் கடமை எனப் பதியும் ஒன்றை, உறுப்பினரிடம் மட்டும் சலுகை என அழைப்பது நெடுநாள் நிலைக்கத்தக்கதன்று. மதிப்புக் குறைப்புக்கு முன்னறிவிப்புக் காலம், ஏற்கெனவே சேர்ந்த புள்ளிகளுக்குப் பழைய விகிதத்தில் பயன்படுத்தும் இடைக்கால உரிமை, பயன்படாமல் கழியும் விகிதத்தை வெளியிடும் கடமை ஆகியன இம்முரண்பாட்டைத் தணிக்கவல்ல குறைந்த அளவு ஏற்பாடுகள். கடன் அட்டை வழி இத்திட்டங்கள் பரவிவரும் இந்தியாவில், நுகர்வோர் சட்டமும் கணக்கியலும் ஒருங்கே ஆராயவேண்டிய களம் இது.